படம் விக்குது

செப்டம்பர் 2, புதன்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். போன வருட டைரியில் பல இடங்களில் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன்.

இன்றைய செய்தி: பழைய டிவி செத்துவிட்டது. ஒரு வாரமாகப் படத்தின் நடுவே பச்சைக் கோடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. மாலையில் கோடு போனது, கூடவே படமும் போனது. வயர் கருகும் வாசனை வந்தது. அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "கஷ்டப்படாம போய்ச் சேந்துச்சு" என்றாள். அம்மா மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். இப்படித்தான் பேசுவாள்.

அப்பா சிரிக்கவில்லை. ஞாயிறு மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒரு படம் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அம்மா பாதியிலேயே தூங்கிவிடுவாள். ஆகவே அது அப்பாவும் நானும் பார்க்கும் படம்.

அப்படி இருந்தது என்று எழுத வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து சோபாவில் சின்னவளும் இருக்கிறாள். சித்தியின் மகள், ஏழாம் வகுப்பு. சித்தி நர்சு. ஆறு மாதப் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருப்பதால் இவளை எங்களிடம் விட்டிருக்கிறார்கள். நல்ல பெண்தான். அதிகம் பேச மாட்டாள். ஆனால் சோபாவில் அப்பாவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முன்பு இரண்டு பக்கமும் நான்தான், இடத்துக்கு ஏற்ற மாதிரி.

செப்டம்பர் 5, சனி

அப்பா என்னிடம், "டீச்சரம்மா, நீதான் படிச்சுப் பாத்து எந்த டிவின்னு சொல்லணும்" என்றார். இந்த வீட்டில் மிக்சி வாங்கினாலும் இஸ்திரிப் பெட்டி வாங்கினாலும் விளக்கப் புத்தகத்தைப் படிப்பவள் நான். அதனால் அந்தப் பெயர்.

நூலகத்திலிருந்து மூன்று பத்திரிகைகள், கடையிலிருந்து எட்டு விளம்பரத் தாள்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை எழுதினேன். ஒன்பது மாடல்கள், பதினோரு கட்டங்கள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "டிவி வாங்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள்.

அப்பாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விக்கக் கூடாது.

இதை விளக்க வேண்டும். அப்பா துணி மில்லில் சோதனையாளர். விளக்கு போட்ட கண்ணாடி மேடைமீது துணி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே நூல் அறுந்திருக்கிறது, எங்கே சாயம் திட்டாக இருக்கிறது என்று ஓடும்போதே பார்த்து மெஷினை நிறுத்துவார். இருபது வருடமாக இதே வேலை. அதனால் படத்தில் கேமரா ஒரு தெருவைச் சுற்றி மெதுவாக நகர்ந்தால், அது சீராக நகராமல் தடுக்கித் தடுக்கிப் போவது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். "பாரு, படம் விக்குது" என்பார். விக்கல் வந்த ஆள் மாதிரி. அரை மணி நேரத்தில் அவருக்குத் தலை வலிக்கும்.

இப்போது உண்மை. எனக்கு அந்த விக்கல் ஒருநாளும் தெரிந்ததில்லை. ஏழு வயதிலிருந்து, "ஆமாப்பா, விக்குது" என்று சொல்லி வருகிறேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

டிவி இல்லாததால் மாமா வீட்டுக்குப் படம் பார்க்கப் போனோம். ஒரு ரயில் பாலம் வந்தது. கேமரா அதன் நீளத்துக்கு மெதுவாகப் போனது. நான் அப்பா சொல்வதற்காகக் காத்திருந்தேன், "ஆமாப்பா" சொல்ல.

அப்பா சொல்வதற்கு முன்னால் சின்னவள், "பெரியப்பா, இது ஏன் இப்படி உதறுது?" என்றாள்.

அப்பா மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "எது?"

"பாலம். கம்பி கம்பியா வருதுல்ல, ஒரு கம்பி கொஞ்சம் நிக்குது, அடுத்த கம்பி ஓடுது. மறுபடி நிக்குது."

"ஒனக்குத் தெரியுதா?"

"தெரியாம எப்படி?" என்றாள், நிஜமாகவே புரியாமல்.

திரும்பி வரும் வழி முழுக்க அப்பா அவளிடமே பேசிக்கொண்டு வந்தார். பஸ் ஜன்னலில் ஓடும் வேலிக் கம்பிகளை எண்ணச் சொன்னார். எண்ணினாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "ஒந்தங்கச்சி பொண்ணு பருந்துடி" என்றார். இனிமேல் அவளுக்குப் பெயர் பருந்து.

பருந்து. எனக்கு டீச்சரம்மா.

செப்டம்பர் 8, செவ்வாய்

கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு அப்பாவின் மூக்கு. அவருடைய கண் அவளுக்கு. அவரோடு ரத்த சம்பந்தமே இல்லாதவளுக்கு.

செப்டம்பர் 9, புதன்

இன்று செய்ததையும் எழுதத்தான் வேண்டும்.

சின்னவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அவளுக்குப் படிக்க வராது. எழுத்து தெரியும், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் உடைத்து உடைத்து, விரலை அடியில் வைத்துத் தள்ளித் தள்ளிப் போவாள். பக்கம் முடிவதற்குள் என் நகம் தேய்ந்துவிடும், நான் கடிப்பதால். இன்று "நீ-ரோ-ட்-டம்" என்று நான்காவது முறை நின்றபோது சொன்னேன்: "ஒன் படிப்பும்தாண்டி விக்குது."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, "நாளைக்குப் பாக்கலாங்க்கா" என்று எழுந்து போனாள்.

சிரித்தாளே, அப்புறம் என்ன?

செப்டம்பர் 12, சனி

கடை. எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

குளிர் ஏறிய பெரிய கூடம். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே பூ ஒரே நேரத்தில் மலர்கிறது. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். அப்பா முதலில் நின்ற டிவியில் ஒரு நகரத்தின் காட்சி சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா சொன்னார்: "இது விக்குது."

"ஆமா சார், நல்லா விக்குது. போன வாரம் மட்டும் பதினொண்ணு போச்சு."

"அதில்லப்பா. படம் விக்குது."

"படம் சேத்து விக்கிறதில்ல சார். டிஸ்க்கு தனியாத்தான் வாங்கணும்."

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்திலிருந்த வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். விற்பனையாளருக்குக் கடைசி வரை புரியவில்லை. மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார்.

பிறகு என் முறை. அட்டவணையை எடுத்தேன். முதல் இடத்தில் இருந்தது ஓர் எல்.சி.டி. வினாடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பிக்கும். மற்றவை எல்லாம் அதில் பாதிகூட இல்லை. விற்பனையாளர், "பாப்பா எங்களவிட நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கு சார்" என்றார். பாப்பா என்றது பிடிக்கவில்லை, மற்றது பிடித்தது. அப்பா கொண்டுவந்த டிஸ்க்கைப் போடச் சொன்னார். ஓர் ஆள் நீளமான வராந்தாவில் நடந்து வரும் காட்சி. எனக்கு அழகாக இருந்தது.

அப்பா திரும்பி, "பருந்து, எப்படி?" என்றார்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "விக்கல பெரியப்பா. ஆனா வழுக்குது. எண்ணெய் கொட்டுன தரையில நடக்குற மாதிரி இருக்கு. மனுசங்க இப்படி நடக்க மாட்டாங்க."

"அதேதான்" என்றார் அப்பா.

அட்டவணையில் வழுக்குவதற்குக் கட்டமே இல்லை.

அடுத்து மூலையில் ஒரு பிளாஸ்மா. வெளிச்சமான கூடத்தில் அது மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியில் எங்கள் முகங்களே தெரிந்தன. என் அட்டவணையில் ஆறாவது இடம். விற்பனையாளர், "இதுக்கு ரூம் இருட்டா இருக்கணும் சார்" என்று கையை விரித்தார். அதே வராந்தா, அதே ஆள். சின்னவள் கிட்டே போனாள், தள்ளி வந்தாள், மறுபடி கிட்டே போனாள்.

"இது ஓடுது பெரியப்பா. துணி மாதிரி ஓடுது."

துணி. அந்த வார்த்தையை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அது என் அப்பாவின் துணி.

அப்பா அவள் தலையில் கை வைத்து, "இதையே எழுதுங்க" என்றார். பிடிக்காவிட்டால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாமாம். அந்த வரியை ரசீதில் தேடிப் படித்து உறுதி செய்தது நான். அதற்கு யாரும் தலையில் கை வைக்கவில்லை.

செப்டம்பர் 14, திங்கள்

டிவி வந்துவிட்டது. இருவர் தூக்கி வந்தார்கள். அட்டைப்பெட்டியைப் பத்து நாளைக்கு எறிய வேண்டாம் என்று அம்மா பால்கனியில் வைத்திருக்கிறாள். அது இருக்கும்வரை துணி காயப்போடச் சரியாக இடமில்லை.

செப்டம்பர் 16, புதன்

அப்பாவுக்கு இன்று பகல் விடுமுறை. நாங்கள் பள்ளியிலிருந்து வந்ததும் ஜன்னல் திரையை மூடி அதே டிஸ்க்கைப் போட்டார். வராந்தா. ஆள் நடந்து வந்தான். அப்பாவின் கை முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது, நின்றது.

"விக்குதே" என்றார்.

நான் சின்னவளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஆமா பெரியப்பா" என்றாள், மெதுவாக.

"கடையில சரியாத்தான இருந்துச்சு?"

"கடையில விக்கல. சத்தியமா விக்கல."

அப்பா கோபப்படவில்லை. "பரவால்ல விடும்மா, கண்ணு ஏமாத்தும்" என்றார். ஆனால் அவளைப் பருந்து என்று கூப்பிடவில்லை. நான் கவனித்தேன்.

செப்டம்பர் 17, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

விளக்கப் புத்தகம், பக்கம் 47. "திரைப்பட வேகம்: 60 / 96." டிவி பெட்டியிலிருந்து வரும்போது 60இல் இருக்குமாம்.

கணக்கு இதுதான். படச்சுருளில் வினாடிக்கு 24 படங்கள். 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரைப் படத்தைக் காட்ட முடியாதே. அதனால் டிவி ஒரு படத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டுகிறது. இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. ஒரு கம்பி ஓடுகிறது, அடுத்த கம்பி நிற்கிறது. மாமா வீட்டில் அவள் சொன்னது அப்படியே இதுதான். 96ஐ 24ஆல் வகுத்தால் சரியாக நான்கு, மீதி இல்லை. விக்கல் இல்லை. கடையில் யாரோ ஏற்கெனவே 96இல் வைத்திருக்கிறார்கள்.

அவள் சொன்னது சரி. ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

புத்தகத்தை என் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டேன். இன்னொரு முறை படித்துப் பார்க்க. அப்படித்தான் எழுதலாம் என்று நினைத்தேன். இல்லை. யாரும் படிக்கக் கூடாது என்பதற்காக வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 18, வெள்ளி

சொல்லவில்லை.

செப்டம்பர் 19, சனி

சின்னவள் கேட்டாள்: "அக்கா, டிவியோட வந்த பொஸ்தகம் எங்க?"

"அப்பாகிட்ட இருக்கும்."

"பெரியப்பா ஒங்ககிட்ட இருக்கும்னு சொன்னாரு."

"அப்ப எங்கயாவது இருக்கும். ஒனக்கு எதுக்கு? ஒரு பக்கம் படிக்க ஒரு வாரம் ஆகும்."

இது இரண்டாவது தடவை. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

படம் போட்டோம். அப்பா இருபது நிமிடத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார். "புதன்கிழமை போய் மாத்திட்டு வந்துடறேன். டீச்சரம்மா சொன்னதையே எடுத்துடலாம். வழுக்கினா வழுக்கிட்டுப் போகுது, தல வலிக்காது." என் தோளில் கை போட்டார். "படிச்சவங்க பேச்சக் கேட்டிருக்கணும்."

சின்னவள் எழுந்து சமையலறைக்குப் போய் அம்மாவுடன் பாத்திரம் துடைத்தாள். சோபாவில் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் மறுபடி என் இடம். நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எப்படி இருந்தது? உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். சந்தோஷமாக இருந்தது. நிறையவே.

செப்டம்பர் 21, திங்கள்

அந்தச் சந்தோஷம் இன்று காலையில் இல்லை. எங்கே போகும்? பல் தேய்க்கும்போது தேடினேன்.

செப்டம்பர் 22, செவ்வாய்

பள்ளியிலிருந்து நான் வந்தபோது வீட்டில் யாரும் இல்லாத மாதிரி இருந்தது. பால்கனியில் மட்டும் ஏதோ முணுமுணுப்பு. சின்னவள் அட்டைப்பெட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மேலே காயும் துணியிலிருந்து அவள் முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை. பெட்டியில் அச்சடித்திருந்ததை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தி-ரை-யின்... மே-ற்-ப-ர-ப்-பை..."

திரையின் மேற்பரப்பை அழுத்த வேண்டாம். அந்த வரியை முடித்து, அடுத்ததற்கு விரலை நகர்த்தினாள். நிமிர்த்தி வைக்கவும். ஈரம் படக் கூடாது. பெட்டியில் வேறு என்ன இருக்கும்? அவள் ஒரு பக்கத்தை ஏற்கெனவே முடித்துவிட்டு இரண்டாவது பக்கத்தில் இருந்தாள்.

"என்னடி பண்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "பொஸ்தகம் கெடைக்கலக்கா. இதுலயாவது எங்கயாவது எழுதியிருக்கும்னு. நாளைக்குக் கொண்டு போயிருவாரு." பிறகு சொன்னாள்: "நான் சொல்லித்தானக்கா வாங்குனாரு. வந்த எடத்துல இப்படி ஆயிருச்சு. நான் பொய் சொல்லலக்கா, கடையில நெஜமாவே ஓடுச்சு."

உள்ளே போய்ப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தேன்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். "எப்பலேந்து?"

"வியாழக்கிழம."

ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நனைந்த சட்டையை முதுகிலிருந்து இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி வாங்க, பெரியப்பா வர்றதுக்குள்ள பாத்துருவோம்" என்றாள்.

ஜன்னல் திரையை மூடினோம். நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு பக்கம் 47ஐச் சத்தமாகப் படித்தேன். படம், மேலும், திரைப்பட வேகம். 60ஐ 96 ஆக்கினேன். வராந்தா. ஆள் நடந்து வந்தான்.

"நின்னுருச்சா?"

"நின்னுருச்சு" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஒங்களுக்குத் தெரியுதுல்ல?"

எனக்கு இரண்டும் ஒரே வராந்தாதான்.

அப்பா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தார். "யாரு சரி பண்ணது?"

"அக்காதான். பொஸ்தகத்துல படிச்சு."

"எப்படா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "இன்னைக்கு" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 23, புதன்

அப்பா கடைக்குப் போகவில்லை. அம்மா பெட்டியை மடித்துக் கீழே போட்டுவிட்டு, பால்கனி திரும்பக் கிடைத்தது என்றாள். எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். சின்னவள்கூட.

அவளுக்குக் கண்ணும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. இதற்கும் பொறாமைப்படலாம் என்று நினைத்ததே இல்லை.

செப்டம்பர் 27, ஞாயிறு

வெளியே மழை. மதியமே இருட்டிவிட்டதால் குழல்விளக்கு போட்டிருந்தோம். அம்மா தலையணையோடு வந்து தரையில் படுத்துக்கொண்டாள், நேரத்தை வீணாக்காமல். எப்போதும் போல வேற்று மொழிப் படம், கீழே நம் எழுத்தில் வசனம் வரும். அப்பா முதல் காட்சியை ஓடவிட்டு, பழைய வழக்கப்படி என் பக்கம் திரும்பினார்.

"எப்படி டீச்சரம்மா, விக்குதா?"

"எனக்குத் தெரியலப்பா."

"ம்?"

"எப்பவுமே தெரிஞ்சதில்ல. சின்ன வயசுலேந்தே ஆமா ஆமான்னு சும்மாதான் சொல்லிட்டிருந்தேன்."

அப்பா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியும்."

"எப்படி?"

"ஒனக்கு எட்டு வயசு இருக்கும். படத்த நிறுத்தி வச்சிட்டு, விக்குதாம்மான்னு கேட்டேன். ரொம்ப விக்குதுப்பான்னு சொன்ன."

தரையிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்புறம் ஏம்ப்பா கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"நீ ஆமாப்பான்னு சொல்றது நல்லா இருந்துச்சு."

இதற்குமேல் தாமதித்தால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. "அப்பா, நான் அந்த 96ஐ இவ சொன்ன அன்னைக்குக் கண்டுபிடிக்கல. வியாழக்கிழமையே கண்டுபிடிச்சேன். பொஸ்தகத்த ஒளிச்சு வச்சிருந்தேன்."

இப்போது அம்மா சிரிக்கவில்லை. அப்பா எழுந்து போய் ஜன்னல் திரையைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது. திரும்பி வராமலே கேட்டார்: "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் பெரியப்பா" என்றாள் சின்னவள்.

"ம்." வந்து உட்கார்ந்தார். என் பக்கம் இருந்த கையை எடுக்கவும் இல்லை, தோளில் போடவும் இல்லை.

படம் தொடங்கியது. ஒரு பெண் கடிதத்தைப் பிரிக்கிறாள், கீழே எழுத்து வருகிறது, போகிறது. சின்னவள் அப்பாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தையை அவள் பாதி உடைப்பதற்குள் வரியே போய்விடுகிறது. இத்தனை மாதமும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கதை தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறாளா? நான் இதை ஒருநாளும் பார்க்கவில்லை. எனக்குக் கண் இல்லை என்பது விக்கலுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

"இங்க வாடி" என்றேன்.

அவள் எழுந்து சுற்றி வந்து என் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஆகவே நடுவில் நான். அவள் காதருகே வரிகளைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில், "மெதுவா சொல்லுங்க, விக்குது" என்றாள். அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தேன். கொஞ்சம் சிரித்தாள்.

கேமரா ஒரு நீண்ட சுவரின் ஓரமாக நகர்ந்தது. அப்பா என்னைத் தாண்டிக் குனிந்து, "பருந்து, பாத்தியா?" என்றார். "பாத்தேன் பெரியப்பா" என்றாள். என் மூக்குக்கு முன்னாலேயே. சுருக்கென்றது. இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது, எழுதி வைக்கிறேன்.

டிவிக் கண்ணாடியில் குழல்விளக்கு நீளமாகத் தெரிகிறது, படத்தைக் கெடுக்கிறது என்றார் அப்பா. ஸ்விட்ச் என் பக்கம். எழுந்து போய் விளக்கை அணைத்தேன்.